மாதிரியூரின் நான்கு நிமிடம்

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று ஐம்பத்து மூன்றுக்கு மாதிரியூர் விரிவு மறுபடியும் காணாமல் போயிற்று. நான்கே நிமிடம். பதினொன்று ஐம்பத்தேழுக்கு ஒன்றுமே நடக்காதது போலத் திரும்பி வந்து நின்றது.

அதைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் மரகதவல்லி நாலு நாளாகத் தவமிருந்தாள். ஆனால் அன்றைக்கு அவள் காத்திருந்தது பன்னிரண்டு முப்பத்தேழுக்கு. திங்கட்கிழமை அது அந்த நேரத்துக்குத்தான் போயிருந்தது. ஞாயிறு பதினொன்று இருபத்தொன்று. சனி பன்னிரண்டு ஐந்து. திருட்டுப் பூனைக்குக்கூட ஒரு நேரம் காலம் உண்டு, இந்தப் பழுதுக்கு அதுவும் இல்லை. டீ வாங்கிக்கொண்டு அவள் இடத்துக்குத் திரும்பியபோது, திரையில் ஓடிக்கொண்டிருந்த கோட்டில் முன்பல் விழுந்த இடம் மாதிரி புதிதாக ஓர் ஓட்டை தெரிந்தது.

"போச்சா?" என்றார் ஆரோக்கியராஜ்.

"போயிட்டு வந்துடுச்சு சார்."

ஆரோக்கியராஜ் அவளுடைய மேலாளர். பெருங்குடியில் அந்த எட்டு மாடிக் கட்டடத்தின் ஆறாவது மாடியில் பன்னிரண்டு வருடமாகக் குப்பை கொட்டுபவர். நல்ல மனிதர். அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு குறைதான். தூத்துக்குடிக் கிளைக்கு மாற்றல் கேட்டு அவர் போன வருடம் ஜூலையில் கொடுத்த கடிதத்துக்கு, ஏழாவது மாடியில் இருக்கும் எச்.ஆரிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. அதை அவர் ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது சொல்லிவிடுவார். அன்றைக்குச் சொல்ல வாய்க்கவில்லை, ஏனென்றால் எதிரே வேதரத்தினம் உட்கார்ந்திருந்தார்.

வேதரத்தினம் நீர்வளக் கணிப்பு வாரியத்தின் செயற்பொறியாளர். மாதிரியூர் அவர்களுக்காகத்தான் செய்யப்பட்டது. நேரில் வந்துவிட்டார் என்றால் பொறுமை தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். கோப்புக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக மரகதவல்லியைப் பார்த்தார்.

"அம்மா, எனக்குப் புரியற மாதிரி ஒரு தடவை சொல்லுங்க. பெட்டி எத்தனை?"

"கம்ப்யூட்டர் பெட்டி ஒண்ணுதான் சார். பேஸ்மென்ட்ல இருக்கு. அந்தப் பெட்டிக்குள்ள இன்னொரு பெட்டி இருக்கிற மாதிரி பாவனை பண்ண வச்சிருக்கோம். அந்தப் பாவனைப் பெட்டிக்குள்ளதான் உங்க மாதிரியூர் ஓடுது. நாப்பத்தோராயிரத்து முன்னூத்தாறு பேர். குளிக்கிறாங்க, துவைக்கிறாங்க, மோட்டார் போடறாங்க. நம்மளோட ஒரு நாள் அவங்களுக்கு ஒரு வருஷம். ரெண்டு மாசமா ஓடுது, அறுபது வருஷத் தண்ணிக் கணக்கு கெடைச்சிருக்கு."

"அது தெரியும். அந்த விரிவுங்கறது என்ன?"

மரகதவல்லி ஆரோக்கியராஜைப் பார்த்தாள். அவர் ஏசியைப் பார்த்தார்.

"ஒம்போது நாளைக்கு முன்னாடி, அதாவது அவங்களுக்கு ஒம்போது வருஷத்துக்கு முன்னாடி, அந்த ஊர் நகராட்சியும் ஒரு பெட்டி வாங்கிடுச்சு சார். கோடையில தண்ணி எவ்வளவு பத்தும்னு கணக்குப் பாக்க, அவங்க ஒரு ஊரைச் செஞ்சு உள்ள ஓட விட்டுட்டாங்க. அதுக்குப் பேர் வைக்க கவுன்சில்ல மூணு மாசம் சண்டை. கடைசில யாருக்கும் மனத்தாங்கல் வேண்டாம்னு 'மாதிரியூர் விரிவு'ன்னு வச்சாங்க. அந்த விரிவுதான் தெனம் நாலு நிமிஷம் நின்னு போகுது."

வேதரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒப்பந்தத்துல தெளிவா இருக்கு. எல்லா அடுக்கும் ஏழு நாள் பழுதில்லாம ஓடினாத்தான் ஒப்புதல். இன்னைக்கு சாயங்காலம் நாலு மணி கெடு. இல்லேன்னா மொத்தத்தையும் அழிச்சிட்டுப் புதுசாப் போட்டுக் குடுத்துடுங்க. உள்ளுக்குள்ள பெட்டி வாங்க முடியாத ஊராப் பண்ணுங்க."

"மொத்தத்தையும்னா?"

"மொத்தத்தையும்தான்," என்றார் அவர். குரலில் கோபம் ஒன்றும் இல்லை. பழைய சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அடி என்று கொத்தனாரிடம் சொல்லுகிறவரின் குரல்தான் அது.

நாற்பத்தோராயிரம் பேரையும் மரகதவல்லிக்குத் தெரியாது. ஆனால் தாமோதரனைத் தெரியும்.

தாமோதரன் மாதிரியூர் நகராட்சியின் கணினிப் பிரிவு மேற்பார்வையாளர். விரிவைக் கட்டிக் காக்கிறவர் அவர்தான். அவர் பேசுவது இவள் திரையில் எழுத்தாக வரும். போன வியாழக்கிழமை இந்தப் பழுது இவள் தலையில் விழுந்தபோது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று, மகள் பத்தாம் வகுப்பு. இன்று செவ்வாய். அவருக்கு ஐம்பத்தெட்டு. மகள் பி.எஸ்சி. முடித்துவிட்டாள். தான் ஒரு பெட்டிக்குள் இருப்பதும், மேலே யாரோ உட்கார்ந்துகொண்டு தன்னை ஆட்டிவைப்பதும் அவருக்குத் தெரியும். அதில் அவருக்கு அதிர்ச்சி ஒன்றும் கிடையாது, முப்பது வருடமாக நகராட்சியில் வேலை பார்க்கிறவர். மரகதவல்லியை அவர் 'மேலிடம்' என்ற கணக்கில் வைத்திருந்தார். மேலிடத்தில் கேள்வி கேட்பார்கள், இவர் பதில் சொல்லுவார், அடுத்த கேள்வி இரண்டு நாள் கழித்து வரும். இவள் ஒரு வரி யோசித்துத் தட்டுவதற்குள் அவருக்கு அரை நாள் ஓடிவிடுவது அவருக்குப் பழகிய தாமதம்தான்.

அவருக்குக் கீழேயும் ஒரு மேற்பார்வையாளர் உண்டு. விரிவில். இவருடைய ஒரு நாள் அங்கே ஒரு வருடம்.

"கீழ மாசத்துக்கு ஒருத்தர் ரிட்டயர் ஆகறாங்க மேடம்," என்று சனிக்கிழமை சொல்லியிருந்தார். "பிரிவு உபசாரக் கடிதாசி எழுதியே என் கை தேஞ்சு போச்சு. போன மாசம் ஒருத்தர் வந்தாரு, அமிர்தகடேசன்னு. தங்கமான மனுஷன். நான் பல் கட்டிக்கறதுக்கு நாலு நாள் லீவு போட்டேன், அதுக்குள்ள வீடு கட்டிக் குடி போயிட்டாரு."

இப்போது அந்த ஓட்டை விழுந்து முடிந்த சூட்டோடு, மரகதவல்லி அவசரமாகத் தட்டினாள். விரலை எடுப்பதற்குள் பதில் வந்து நின்றது.

"வணக்கம் மேடம். ஒரு நிமிஷம், வாயில பொரி. ம், சொல்லுங்க."

ஓட்டை விழுந்து எழுந்த பிறகு அவர் எப்போதும் இப்படித்தான் ஆரம்பிப்பார். பொரி பிரியர் போலிருக்கிறது என்று மரகதவல்லி முதல் நாளே மனசில் குறித்துக்கொண்டிருந்தாள். உதவி மையத்தின் சட்டப்படி கேட்க வேண்டிய கேள்விகள் பதினாலு. அவற்றை வரிசையாக அனுப்பினாள்.

"கரண்ட் இருக்குங்க. விசிறி சுத்துதுங்க. பச்சை விளக்கு எரியுதுங்க. தூசி தும்பு ஒண்ணும் கெடையாது, மெஷினைத் தொடச்சுப் பளிச்சுன்னு வச்சிருக்கோம். பழுதா? என் சர்வீஸ்ல வேலை நாள்ல அது ஒரு நிமிஷம் நின்னதில்லீங்க. பதிவேட்டையும் பாத்துட்டேன், ஒரு பழுதும் பதிவாகலை."

அதுதான் விஷயமே. பதிவேட்டிலும் ஒன்றும் இல்லை. நான்கு நிமிட ஓட்டைக்கு நேராக, விரிவின் பதிவேடும் வெறுமையாக இருந்தது. நின்றதற்கு அடையாளமும் இல்லை, ஓடியதற்கு அடையாளமும் இல்லை. நினைவகத்தைக் கூட்டிப் பார்த்தாள். கடிகாரத்தைச் சரிபார்த்தாள். மேல் பெட்டி மூச்சு வாங்கும்போது உள் பெட்டிக்குப் பங்கு போகாமல் நின்றுவிடுகிறதோ என்று, அதற்கென்று தனியாக ஒதுக்கியும் பார்த்தாள். ஆரோக்கியராஜ் தன் பங்குக்கு ஏசியை இரண்டு டிகிரி குறைத்தார். அதனால் வேதரத்தினம் தோளில் கிடந்த துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டதைத் தவிர வேறு பலன் இல்லை.

ஒன்றரை மணி ஆயிற்று. மரகதவல்லி சாப்பிடப் போகவில்லை. போனால் நாற்பது நிமிடம், தாமோதரனுக்குப் பத்து நாள். மறைத்து வைப்பதும் சரியில்லை என்று தோன்றியது. கெடுவைப் பற்றி அவரிடம் சொல்லிவிட்டாள். இன்று நாலு மணிக்குள் காரணம் தெரியாவிட்டால் ஊரையே அழிக்க உத்தரவு என்று நேராகவே எழுதினாள்.

முதன்முறையாக அவர் பதில் உடனே வரவில்லை. அரை நிமிடம் ஆனது. அவருக்கு அது மூன்று மணி நேரம்.

"மேடம், உங்க நாலு மணின்னா எங்களுக்கு எத்தனை நாள் ஆச்சு?"

"முப்பத்தெட்டு நாள்."

"அப்ப மொட்டை மாடிக்குத் தட்டோடு போட ஆள் சொல்லியிருக்கேன், வேண்டாம்னுடலாமுங்களா? இல்ல, போட்டுடலாமா? மழை வருது, அதான் கேக்கறேன்."

மரகதவல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுகையை அடக்க முடியவில்லை. பின்னாலிருந்து படித்த ஆரோக்கியராஜ் தொண்டையைச் செருமினார்.

"அது வெறும் புரோகிராம்மா. மனசுல ஏத்திக்காதே," என்றார். பிறகு சற்றுத் தணிந்த குரலில், "அந்தப் பொண்ணுக்கு வரன் பாத்துக்கிட்டிருந்தாரே, அமைஞ்சுதா?" என்று கேட்டார்.

"சார், நீங்க வேற."

எல்லாவற்றையும் மறுபடி சரிபார்த்ததில் மணி இரண்டே முக்கால் ஆயிற்று. அவள் மேசைக்குப் பக்கத்தில் காலையில் கொண்டுவந்து இறக்கிய மூட்டை ஒன்று கிடந்தது. வியாழக்கிழமை ஆயுத பூஜை. ஆறாவது மாடிக்கு மட்டும் இருபது படி பொரி, கூடவே உடைத்த கடலை. பசி ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். மூட்டையின் வாயைப் பிரித்து ஒரு கை அள்ளிப் போட்டுக்கொண்டாள். அதே சமயம் பார்த்து வேதரத்தினம் கேட்டார்.

"என்னம்மா, ஏதாவது தெரிஞ்சுதா?"

"ஒரு நிமிஷம் சார், வாயில பொரி."

சொல்லிவிட்டு மென்றாள். மெல்லுவது பாதியில் நின்றது.

வருடத்தில் எந்த நாளில் அரசாங்க அலுவலகத்தில் உட்கார்ந்து பொரி தின்பார்கள்? எந்த நாளுக்கு முன்னால் மெஷினைப் பளிச்சென்று துடைப்பார்கள்? மரகதவல்லி இழுப்பறையைத் திறந்தாள். அந்தக் கட்டடத்தில் எல்லோரும் கடைசி வரி வரை படிக்கிற காகிதம் ஒன்றே ஒன்றுதான், விடுமுறைப் பட்டியல். அவளிடம் நாலு வருடத்துப் பட்டியல் பத்திரமாக இருந்தது. ஆயுத பூஜைக்கு நேராக விரலை ஓட்டினாள். ஒரு வருடம் பதினோரு நாள் முன்னால் வந்திருந்தது. அடுத்த வருடம் பத்தொன்பது நாள் பின்னால் போயிருந்தது. அதற்கடுத்து மறுபடி பதினோரு நாள் முன்னால். உள்ளே ஒரு நாள் என்பது வெளியே நான்கு நிமிடம். பதினொன்றை நான்கால் பெருக்கினால் நாற்பத்து நாலு. பத்தொன்பதைப் பெருக்கினால் எழுபத்தாறு. சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று எழுதி வைத்திருந்த நேரங்களின் பக்கத்தில் பென்சிலால் போட்டுப் பார்த்தாள். நிமிடம் பிசகவில்லை.

"அடப்பாவி மனுஷா," என்றாள், பொரியோடு.

தாமோதரனுக்குத் தட்டினாள்: ஆயுத பூஜை அன்றைக்கு மெஷினை என்ன செய்வீர்கள்?

பதில் உடனே வந்தது. கேள்வியே அவருக்கு விசித்திரமாகப் பட்டிருக்க வேண்டும்.

"என்னங்க மேடம் இப்படிக் கேக்கறீங்க? தொடச்சு, சந்தனம் குங்குமம் வச்சு, மாலை போட்டு, பொழுது விடியறதுக்குள்ள அணைச்சிடுவோம். அன்னைக்கு மெஷினைத் தொடலாமுங்களா? மறுநாள் விஜயதசமிக்குக் காலையில கற்பூரம் காட்டித் திறந்துடுவோம்."

"பதிவேடு எழுதற மெஷின்?"

"அதுக்கும் பூஜைதானுங்களே. அதை மட்டும் விட்டா அது என்ன பாவம் பண்ணிச்சு?"

"தாமோதரன் சார், அஞ்சு நாளா, உங்களுக்கு அஞ்சு வருஷமா, மெஷின் நின்னுதா நின்னுதான்னு உங்களைக் கேட்டுக்கிட்டே இருக்கேன்."

"நீங்க பழுதான்னு கேட்டீங்க. அது லீவுங்களே மேடம்."

மரகதவல்லி தலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆரோக்கியராஜும் சிரித்தார். வேதரத்தினம் சிரிக்கவில்லை.

"காரணம் தெரிஞ்சுது, சந்தோஷம்," என்றார். "ஆனா நின்னது நின்னதுதானே அம்மா? ஒம்போது தடவை நின்னிருக்கு. எட்டு மணி நேரத்துக்கு முன்னாடி எழுத்துல அறிவிச்சாத்தான் அது பழுதுல வராது. இவங்க யாருக்குச் சொன்னாங்க?"

சிரிப்பு அடங்கிவிட்டது. மணி மூன்று பத்து. அதையும் தாமோதரனிடமே கேட்டாள், நம்பிக்கையில்லாமல்தான். முன்கூட்டி யாருக்காவது ஒரு வார்த்தை சொன்னீர்களா?

"சொல்லாம இருப்போமுங்களா? வருஷா வருஷம் நவம்பர்லயே அடுத்த வருஷத்து விடுமுறைப் பட்டியலைச் சுற்றறிக்கையாப் போட்டு மேலிடத்துக்கு அனுப்பிடுவோம். நீங்க ஆரம்பத்துல குடுத்த முகவரிக்குத்தான். 'ஆலோசனைகள் வரவேற்கப்படுகின்றன'ன்னு ஒரு தபால் பெட்டி. ஒரு தடவைகூட பதில் வரலை. மேலிடம்தானேன்னு நாங்களும் எதிர்பார்க்கலை."

மரகதவல்லி மெதுவாகத் திரும்பினாள். அந்தப் பெட்டிக்குப் பொறுப்பு ஆரோக்கியராஜ். இரண்டு மாதத்துக்கு முன் அவரே ஆசையாகத் திறந்து வைத்தது. அதன் பிறகு அதை அவர் எட்டிப் பார்க்கவில்லை என்பதை அவர் முகமே சொல்லிற்று.

"யார் உள்ளேருந்து ஆலோசனை சொல்லப் போறாங்கன்னு நெனச்சேன்மா," என்றார்.

திறந்தார்கள். படிக்கப்படாதவை ஒன்பது. வேதரத்தினம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். முதல் சுற்றறிக்கையைப் படித்தார். 'பார்வை' என்ற இடத்தில் முந்தைய கடிதத்தின் எண் இருந்தது. பொருள் என்று போட்டு, 'பொது விடுமுறை நாட்கள் – ஆயுத பூஜையன்று கணினி உள்ளிட்ட கருவிகளை நிறுத்தி வைத்தல் – தொடர்பாக' என்று இருந்தது. கீழே 'ஆணையாளருக்காக' என்று கையொப்பம். அதற்கும் கீழே நகல் பெறுவோர் பட்டியல், ஏழு பேர். ஏழாவது, அலுவலகத்திலேயே தங்கும் இருப்புக் கோப்பு.

வேதரத்தினத்தின் முகம் மெல்ல மெல்ல இளகியது. காலையிலிருந்து அவர் முகத்தில் உயிர் வந்தது அப்போதுதான்.

"நகல்லாம் போட்டிருக்காரே," என்றார். "இருப்புக் கோப்புக்குக்கூடப் போட்டிருக்காரு. எங்க ஆபீஸ்ல இப்ப யாரு போடறா?" ஒன்பதையும் ஒன்று விடாமல் படித்து, ஒவ்வொன்றும் வந்த நேரத்தைக் குறித்துக்கொண்டார். ஒவ்வொன்றும் பூஜைக்குக் கிட்டத்தட்ட இருபது மணி நேரத்துக்கு முன்னதாகவே வந்திருந்தது. பிறகு பேனாவைத் திறந்து கோப்பில் எழுதிக்கொண்டே சொன்னார். "முறையா ஆணை போட்டு நிறுத்தியிருக்காங்க. இதைப் பழுதுன்னு எழுதினா என் கைதான் கூசும். இப்படிச் சுற்றறிக்கை போடற ஊரை அழிக்கிறதாவது? ஏழு நாளும் பழுதில்லை. ஒப்புதல்."

மூன்று நாற்பதுக்கு மரகதவல்லி தாமோதரனுக்குத் தட்டினாள்: தட்டோடு போட்டுவிடுங்கள்.

"போட்டாச்சுங்க மேடம். நீங்க பதில் போடுவீங்கன்னு பாத்தேன், வரலை. மழை வந்துடுச்சு. எதுக்கும் இருக்கட்டும்னு போட்டுட்டேன்."

அவள் சிரித்துக்கொண்டே மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த செய்தி தயங்கித் தயங்கி வந்தது.

"மேடம், தப்பா நினைக்கலேன்னா ஒண்ணு கேக்கலாமுங்களா? உங்க ஊர்ல ஆயுத பூஜை உண்டா?"

"உண்டே. நாளன்னைக்கு."

"அன்னைக்கு எங்க மெஷினை என்ன பண்ணுவீங்க?"

மரகதவல்லிக்குப் பதில் சொல்லக் கூச்சமாக இருந்தது. பேஸ்மென்டில் இருக்கும் பெட்டிகளுக்கு வருடா வருடம் சந்தனம் வைப்பார்கள், குங்குமம் வைப்பார்கள், எலுமிச்சம்பழம்கூட வைப்பார்கள். அணைத்தது கிடையாது. இருபத்துநாலு மணி நேரச் சேவை என்று வாசலிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படியே எழுதினாள்.

"அப்ப அறுபது வருஷமா நிக்காம ஓடிக்கிட்டே இருக்கோமுங்களா?" என்றார் தாமோதரன்.

அவள் சமாதானமாகத் தட்டினாள். "அணைச்சாலும் உங்களுக்குத் தெரியாது சார். அணைச்ச இடத்துலேருந்து அப்படியே தொடர்வீங்க. தூங்கின மாதிரிகூட இருக்காது."

"தெரியாதுங்க. கீழ இருக்கற ஜனங்களுக்கும்தான் தெரியாது. அதுக்காக நாங்க விட்டுட்டோமா? நம்மளையும் ஒருத்தர் ஒரு நாள் சும்மா இருக்க விட்டாங்கன்னு இருக்கட்டுமேன்னுதான் கேட்டேன். முடியலேன்னா பரவால்லை."

கோப்பை மூடிக்கொண்டு எழுந்த வேதரத்தினத்திடம் மரகதவல்லி திரையைக் காட்டினாள். அவர் நின்றபடியே படித்தார். இரண்டு தடவை படித்தார்.

"அவங்க ஒரு வருஷத்துக் கணக்கு நமக்கு ஒரு நாள் தள்ளிக் கிடைக்கும். அவ்வளவுதானே?" என்றார். "முறையா சுற்றறிக்கை போடுங்கம்மா. எனக்கு ஒரு நகல். இருப்புக் கோப்புக்கு ஒண்ணு, மறந்துடாதீங்க."

புதன்கிழமை முழுக்க அந்தச் சுற்றறிக்கையை எழுதுவதிலேயே போயிற்று. மரகதவல்லிக்கு அந்த நடை வரவில்லை. தாமோதரனே மூன்று இடத்தில் திருத்திக் கொடுத்தார். நடுவில் அவள் சாப்பிடப் போய்விட்டு வந்தபோது திரையில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்து காத்திருந்தது. அதற்குக் கீழேயே, கல்யாணம் நல்லபடியாக நடந்து முடிந்தது, மேலிடத்திலிருந்து யாரும் வராதது மட்டும்தான் குறை என்று ஒரு செய்தியும் இருந்தது. மாப்பிள்ளை குடிநீர்ப் பிரிவில் உதவியாளராம். ஆரோக்கியராஜ் இரண்டையும் படித்துவிட்டு, "மொய்கூட வைக்க முடியலையே," என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். அவர் மாதிரியூருக்குப் போக முடியாது என்பதை யாரும் அவருக்கு நினைவூட்டவில்லை.

வியாழக்கிழமை காலை எட்டரைக்கு மரகதவல்லி பட்டுப்புடவையோடு பேஸ்மென்டுக்கு இறங்கினாள். பெட்டியின் முகப்பைத் துடைத்தாள். சந்தனம் குழைத்து மூன்று கோடாக இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தாள். சுற்றறிக்கையில் சொல்லியிருந்த நேரம், மாதிரியூர் நாள்காட்டிப்படி ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி. தாமோதரன் ஓய்வு பெற இன்னும் இரண்டு மாதம் பாக்கி இருந்தது. இங்கே கடிகாரம் ஒன்பதைத் தொட்டபோது அவள் ஊரை உறங்க வைத்து, பெட்டியை அணைத்தாள். இரண்டு மாதமாக ஓடிக்கொண்டிருந்த விசிறி இரைந்து, தேய்ந்து, நின்றது. அவ்வளவு அமைதியை அந்த அறையில் அவள் கேட்டதே இல்லை. ஆரோக்கியராஜ் கைகட்டி நின்றிருந்தார். அவர் மாதா கோயிலுக்குப் போகிறவர்தான், ஆனாலும் முதல் பொரி அள்ளியது அவர்தான்.

அன்றைக்கு முழுக்க மரகதவல்லிக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. இப்போது அங்கே மணி என்ன என்று நினைப்பாள். பதினொன்று என்று ஞாபகம் வரும். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி நினைப்பாள். அப்போதும் பதினொன்றுதான்.

விஜயதசமி அன்று காலை ஒன்பதுக்கு, கற்பூரத்துக்குப் புகை எச்சரிக்கைக் கருவி ஒத்துக்கொள்ளாது என்பதால் ஓர் ஊதுபத்தியை மட்டும் வாசலுக்கு வெளியே கொளுத்தி வைத்துவிட்டு, பெட்டியைத் திறந்தாள். விசிறி சுற்றத் தொடங்கியது. முதல் அரை மணி நேரம் மட்டும் ஊர் நம் கடிகார வேகத்திலேயே ஓடும்படி செய்திருந்தாள். படி ஏறி ஓடாத குறையாக ஆறாவது மாடிக்கு வந்து உட்கார்ந்தாள். திரையில் தாமோதரனின் செய்தி ஏற்கெனவே வந்து நின்றது.

"மேடம், பதினொண்ணு அடிச்சு ஒரு நிமிஷம் ஆச்சு. இன்னும் அணைக்கலீங்களா? பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஜனம் கண்ணை மூடிக்கிட்டு நிக்குது. என் பொண்ணு, மாப்பிள்ளை எல்லாரும் வந்திருக்காங்க. கால் வலிக்குதுங்கறாங்க."

மரகதவல்லிக்குக் கண் மறைத்தது. ஒரு முழுப் பகல், ஒரு முழு இரவு. அவர்களுக்கு ஒரு கண் இமைப்புக்கூட ஆகவில்லை. 'முடிந்துவிட்டது சார், கண்ணைத் திறக்கச் சொல்லுங்கள்' என்று தட்டினாள்.

"முடிஞ்சுதா? ஒண்ணுமே தெரியலையே மேடம்," என்று உடனே வந்தது. அடுத்து, "ஆனா மனசுக்கு நிறைவா இருக்குங்க. எல்லாருக்கும் பொரி குடுக்கச் சொல்லிட்டேன்."

முதல் செய்தியை அவள் மறுபடி படித்தாள். ஒண்ணுமே தெரியலையே. ஜன்னலுக்கு வெளியே பழைய மகாபலிபுரம் சாலையில் வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு தண்ணீர் லாரி எல்லோரையும் நிறுத்திவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. மரகதவல்லி மெதுவாக நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள். யோசித்தாள். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று, கையைக் குவித்து மேலே பார்த்து ஒரு கும்பிடு போட்டாள்.

ஆரோக்கியராஜ் பொரிப் பொட்டலத்தோடு வந்து நின்றார்.

"என்னம்மா, மேல யாரைக் கும்பிடறே? மேல எச்.ஆர். தான் இருக்கு. போன வருஷம் ஜூலைல குடுத்த மாற்றல் கடிதாசிக்கே அங்கேயிருந்து இன்னும் பதில் வரலை."

"கோவிச்சுக்காதீங்க சார்," என்றாள் மரகதவல்லி. "அவங்களுக்கு நீங்க அதை நேத்துக் குடுத்த மாதிரிதான் இருக்கும்."